வத்தல்மலை ஏறும்போது முட்டி வலிக்கிறதா? ஒரு பிரெஞ்சு கோச்சின் கணக்கு

[காட்சி: வத்தல்மலை அடிவாரம், விடிகாலை]

வணக்கம். தர்மபுரிப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு வத்தல்மலை ஒரு பரீட்சை. நான் முதல் தடவை ஏறியபோது நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே முட்டி பிடித்துக்கொண்டது. மூச்சு இருந்தது, தெம்பும் இருந்தது, முட்டிதான் விடவில்லை. அப்போது தேடிப் படித்த மனிதர்தான், பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரராக இருந்து கோச்சாக மாறிய சிரில் கிமார்.

[காட்சி: பிரான்ஸ் வரைபடம்]

1972, பிரான்ஸைச் சுற்றி வாரக்கணக்கில் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ். எதிரே பெல்ஜியத்தின் ஜாம்பவான் எடி மெர்க்ஸ். ஒரு மலை உச்சியில் ஜெயித்துவிட்டோம் என்று மெர்க்ஸ் கையைத் தூக்கிய நொடியில், 25 வயது கிமார் அவரை முந்திக் கோட்டைத் தொட்டார். ஆனால் இரண்டு முட்டிகளும் நாளுக்கு நாள் மோசமாகின. பந்தயம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது, இரண்டாம் இடத்தில் இருந்தவர், புள்ளிகளில் முன்னணியில் இருப்பவர் அணியும் பச்சைச் சட்டையோடு விலகினார். பாரிஸில் அந்தச் சட்டையை வென்ற மெர்க்ஸ் அதை அவருக்கே கொடுத்தார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

1976-ல், 29 வயதில், கிமார் அணியை நடத்தும் ஆளாக மாறினார். அதே ஆண்டு அவருடைய வீரர் லூசியன் வான் இம்பே டூர் டி பிரான்ஸ் பட்டம் வென்றார். அப்புறம் பெர்னார்ட் இனோ நான்கு முறை, லோரன் ஃபின்யோன் இரண்டு முறை. ஒன்பது ஆண்டுகளில் ஏழு பட்டம்! 1980-ல், மொத்தப் பந்தயத்திலும் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்த இனோவும் முட்டி வலியால் விலக நேர்ந்தது.

[காட்சி: சுவரோரம் நின்று கால் அளக்கும் பையன்]

கிமார் உடம்பை அளந்து சைக்கிளை அமைப்பவர். அவரிடம் கற்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வழியாக உலகத்துக்குப் பரவிய கணக்கு இது. செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 68.9 செ.மீ. இரண்டு பெடல் கைகளும் (கிராங்க்) சேர்ந்து சுழலும், சட்டத்தின் அடியில் உள்ள அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அவ்வளவு உயரம் வேண்டும். ஆரம்பிக்க இது போதும். பிறகு காலுக்கேற்ப சற்று மாற்றலாம்.

என் சீட் ஐந்து செ.மீ. தாழ்வாக இருந்தது; அதனால்தான் மிதிக்கும்போது முட்டி அதிகமாக மடங்கி வலித்தது. பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளை வாங்கிய நாளிலிருந்து சீட்டைத் தொடாத பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! ஸ்பேனர் எடுத்து நட்டைத் தளர்த்துங்கள். ஒரே நாளில் தூக்காமல் வாரத்துக்குக் கொஞ்சமாக உயர்த்துங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இனி கால் தரையில் முழுதாக ஊன்றாது. நிறுத்தும்போது முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.