ஐரோப்பா ரிவர் க்ரூஸ் எந்த மாசம் போலாம்? வெயில விடுங்க, தண்ணிய பாருங்க

வணக்கம் மக்களே, காத்து இங்க கொஞ்சம் ஓவரா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கோங்க. இப்ப நான் நிக்கிறது ஜெர்மனில கௌப்னு ஒரு குட்டி ஊரு, ரைன் ஆத்தங்கரை, பின்னாடி ஆத்துக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோட்டை தெரியுதா, அது ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். ஊர்ல ஒரு தெரு நடந்தா முடிஞ்சிரும், ஆனா ரைன்ல கப்பல் ஓட்டுற அத்தன பேரும் தினமும் இந்த ஊரு பேர பார்ப்பாங்க, ஏன்னா தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு அளக்குற முக்கியமான இடம் இதுதான்.

இத எதுக்கு சொல்றேன்னா, கமெண்ட்ல ஒரே கேள்வி, "எந்த சீசன்ல போனா பெஸ்ட்?" நெட்ல தேடுனா முக்காவாசி பேரு செப்டம்பர்னு சொல்லிருவாங்க, கூட்டம் குறைவு, வெயில் இதமா இருக்கும், திராட்சை அறுவடை நடக்கும்னு. எல்லாம் சரிதான், தப்பில்ல. ஆனா கப்பல் ஓட தண்ணி வேணும்ல, அத யாரும் மொதல்ல சொல்றதில்ல.

ரைனுக்கு பெரும்பாலும் தண்ணி வர்றது ஆல்ப்ஸ்ல இருந்து. பனி உருகுற ஜூன், ஜூலைல நல்லா ஓடும். ஆகஸ்ட் தாண்டுனா உருக பனி இல்ல, மழையும் இல்லன்னா மளமளன்னு இறங்கிரும். 2018 அக்டோபர்ல இதே கௌப்ல அளவு 25 சென்டிமீட்டருக்கு போச்சு, 2022 ஆகஸ்ட்லயும் கிட்டத்தட்ட 30க்கு வந்துச்சு. உடனே முழங்கால் அளவு தண்ணின்னு நினைக்காதீங்க, அந்த நம்பர் ஆத்தோட ஆழம் கிடையாது, கப்பல் போற பாதைல அதுக்கு மேல ஒரு மீட்டருக்கும் அதிகமா இருக்கும். ஆனாலும் பெரிய கப்பலுக்கு அது பத்தாது.

அப்ப என்ன பண்ணுவாங்க? ட்ரிப்ப கேன்சல் பண்றது ரொம்ப அபூர்வம். பஸ்ஸ கொண்டாந்து நிறுத்திருவாங்க. தண்ணி இல்லாத இடம் வரைக்கும் ஒரு கப்பல், அங்க இறங்கி பெட்டிய கட்டி பஸ்ல ஏறி, அந்தப் பக்கம் நிக்கிற அதே மாதிரி இன்னொரு கப்பல்ல அதே நம்பர் கேபின். சாப்பாடு வரும், எல்லாம் வரும், ஆனா நீங்க காசு கட்டுனது ஆத்துல போறதுக்கு, ஹைவேய வேடிக்கை பார்க்க இல்ல. புக் பண்றப்பவே ரூட்ட மாத்துற உரிமை எங்களுக்கு உண்டுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அத படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

இன்னொரு பெரிய ஆறு டான்யூப், அந்த கதை வேற. அங்க நிறைய அணை இருக்கு, ஆனா ஜெர்மனியோட பவேரியா மாநிலத்துல ஷ்ட்ராவ்பிங்ல இருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் அணையே இல்லாம ஓடுது, வறட்சி வந்தா மொதல்ல மாட்டுறது அங்கதான். வெள்ளம் வந்தா அதுக்கு மேல சிக்கல், கப்பல் பாலத்துக்கு அடியில நுழையாது. 2013 ஜூன்ல அதே டான்யூப் கரைல இருக்குற பாஸாவ் ஊர்ல 12.89 மீட்டர் ஏறுச்சு, 1501க்கு அப்புறம் அவ்வளவு தண்ணிய அந்த ஊரு பார்க்கல. 2024 செப்டம்பர்ல போரிஸ் புயல் மழைல வியன்னால கப்பலெல்லாம் அப்படியே கட்டிப் போட்டுட்டாங்க. ஸோ செப்டம்பர்னா சேஃப்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியாது.

பாலம்னு சொன்னேன்ல, அத நேர்ல பார்த்தாதான் புரியும். மைன் ஆத்தையும் டான்யூபையும் இணைக்கிற மைன்-டான்யூப் கால்வாய்ல போறப்போ மேல் டெக்க மூடிருவாங்க, நிழலுக்கு போட்ட பந்தல், கைப்பிடிக் கம்பி எல்லாத்தையும் மடக்கி படுக்க வெச்சு, கேப்டன் உக்கார்ற ரூமே லிஃப்ட்டு மாதிரி கீழ இறங்கும். அப்புறம் லாக், அதாவது கதவ மூடி தண்ணிய நிரப்பி கப்பல ஏத்தி இறக்குற தொட்டி. அதுக்குள்ள அகலம் 12 மீட்டர், கப்பல் 11.45. ரெண்டு பக்கமும் ஒரு சாணுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான் இடைவெளி. ஜன்னல திறந்தா பாசி பிடிச்ச கான்க்ரீட் சுவரு மூஞ்சிகிட்ட நிக்கும், அந்த ஈர வாடை ரூமுக்குள்ளயே வந்துரும். எனக்கு மொத்த ட்ரிப்லயும் பிடிச்சது அதுதான், கூட வந்தவங்க எல்லாம் உள்ள கேக் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

சரி, என் முடிவு. மொத தடவ ரைன்ல பாசல் டு ஆம்ஸ்டர்டாம் போறீங்கன்னா ஜூன். ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கோட்டைங்கள உக்காந்து ஆற அமர பார்க்கலாம். செப்டம்பர் கடைசி அக்டோபர்லதான் லீவு கிடைக்கும், அறுவடையும் பார்க்கணும்னா ரைன விட்டுட்டு அதுல வந்து சேர்ற மோசெல் ஆத்துக்கு போங்க, இல்ல போர்ச்சுகல்ல டோரோ ஆறு. ரெண்டுலயும் வரிசையா அணை கட்டி தண்ணிய நிறுத்தி வெச்சிருக்காங்க, அதனால வறட்சி பயம் ரொம்ப கம்மி. டோரோல கராபடேலோ லாக்ல கப்பல் 35 மீட்டர் ஏறும், கழுத்து வலிக்கும் அண்ணாந்து பார்த்து. ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல அங்க போகாதீங்க, 40 டிகிரிய தொடும், அதுக்கு வேலூர்லயே இருக்கலாம்.

ட்யூலிப் பார்க்கணும்னா ஏப்ரல் நடுப்பகுதி. நெதர்லாந்துல கொய்கன்ஹாஃப் தோட்டம் மார்ச் ரெண்டாவது பாதில இருந்து மே நடு வரைக்கும் திறந்திருக்கும், அது சரி, ஆனா வெளிய வயல்ல விவசாயிங்க கிழங்கு பெருக்கணும்னு பூவோட தலைய மிஷின் விட்டு வெட்டி விட்ருவாங்க. அவங்களுக்கு வியாபாரம் கிழங்குதான், பூ இல்ல. மே மாச லீவுக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு வந்தா தோட்டத்துல பூ இருக்கலாம், வயல்ல பச்சை தண்டுதான் இருக்கும். அப்புறம், சில கம்பெனில 18 வயசுக்கு கீழ ஏத்தவே மாட்டாங்க, அதையும் கேட்டுக்கோங்க.

கிறிஸ்துமஸ் மார்க்கெட் நிறைய பேரு கேட்டிருக்கீங்க. நம்ம ஊரு ஸ்கூல்ல அரையாண்டு பரீட்சை முடிஞ்சு லீவு விடுறப்போ இங்க கடைய மூடிருவாங்க, கொலோன்ல டிசம்பர் 23, நியூரம்பெர்க்ல 24ஓட காலி. அதனால இது பெரியவங்களுக்கான ட்ரிப்பு, நவம்பர் கடைசி டிசம்பர் ஆரம்பம். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிரும், அதனால பால்கனி கேபினுக்கு காசு கொட்டாதீங்க, கீழ் டெக் ரூம் போதும், தூங்க மட்டும்தான் வருவீங்க. சூடான வைன் ஒரு பீங்கான் கப்புல தருவாங்க, கப்புக்கு தனியா டெபாசிட், திருப்பி குடுத்தா காசு வரும், இல்லன்னா கப்பு உங்களுது.

எந்த மாசம் புக் பண்ணாலும் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடில இருந்து எல்விஸ்னு ஜெர்மன் நீர்வழித்துறை சைட் இருக்கு, அதுல கௌப் நம்பர பாருங்க. ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பால நிறைய நாட்டுக்கு சேர்த்து ஒரே விசா, ஆறு மாசத்துக்கு முன்னாடில இருந்துதான் போட முடியும், பெல்கிரேட் வழியா போற டான்யூப் ரூட்டுன்னா அந்த ஊரு இருக்குற செர்பியா ஷெங்கன்ல இல்ல, வெளிய போயிட்டு திரும்ப நுழையணும், அதனால மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்குங்க. உங்களுக்கு லீவு எப்பன்னு, எந்த ஆறுன்னு ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க, பார்த்து பதில் சொல்றேன். பை மக்களே.