கடிதத்துக்கு எத்தனை பிரதிகள்?

நண்பர்களே, வணக்கம். படப்பிடிப்புக்கு முன் நாம் தயார் செய்ய வேண்டிய தாள்களைப் பற்றி இன்று பேசலாம்.

"அவள் கடிதத்தைக் கிழித்து எறிகிறாள்." என் முதல் குறும்படத்துக்கு நான் எழுதிய வரி இது. எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும். படப்பிடிப்பு அன்று நடிகை நன்றாகத்தான் கிழித்தார், ஃபோகஸ் தவறிவிட்டது. "இன்னொரு முறை" என்றேன். எதைக் கிழிப்பது? கையெழுத்து அழகாக இருந்த உதவியாளர் தரையில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி எழுதினார். மொத்தக் குழுவும் அவருடைய பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று எங்களிடம் கேமரா இருந்தது, விளக்குகள் இருந்தன, காட்சிகளை வரிசையாகப் படம் வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டுகூட இருந்தது. பிரேக்டவுன் என்ற தாள் மட்டும் இல்லை. திரைக்கதையைக் காட்சி காட்சியாக எடுத்து, யார் வருகிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று வண்ணப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பிரித்தெழுதும் தாள் அது. பார்க்க மளிகைப் பட்டியல் போலத்தான் இருக்கும். அதனால்தான் கலைஞர்களுக்கு அதன்மேல் ஒரு இளக்காரம். எனக்கும் இருந்தது.

அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் வரிகள் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கும். "மழையில் நனைந்தபடி உள்ளே வருகிறான்" என்று இருக்கிறதா? அதே சட்டை எத்தனை வேண்டும்? இரண்டாவது டேக்குக்குள் அவன் தலைமுடியை யார் உலர்த்துவது? அவன் காய்ந்த சட்டையோடு வரும் முந்தைய காட்சியை அதே நாளில் எடுக்கிறோமா, எடுத்தால் எது முதலில்?

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பார்கள். பக்கத்தை எட்டுப் பாகமாகப் பிரித்து, இந்தக் காட்சி மூன்று பாகம், அது ஐந்து பாகம் என்று அளப்பதும் வழக்கம். பயனுள்ள கணக்குதான், ஆனால் ஓடும் நேரத்தைத்தான் அது சொல்லும். எடுக்கும் நேரத்தைச் சொல்லாது. "படகு கவிழ்கிறது" என்பது எட்டில் ஒரு பாகம். அதை எடுக்க ஒரு நாள் போதுமா என்று படகுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்டோரிபோர்டு பற்றி ஒரு வார்த்தை. இன்று நாம் அறிந்த வடிவில் அது 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் உருவானது. வெப் ஸ்மித் என்ற கலைஞர் படங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்ததிலிருந்து தொடங்கியது என்பார்கள். அந்தக் குண்டூசிதான் எனக்குப் பிடித்த பகுதி. பிடிக்காத படத்தைப் பிடுங்கிப் போடலாம், ஐந்தாவதை இரண்டாவதாக மாற்றலாம். அதைச் செய்துகாட்ட ஒரு கை போதும். நீங்களோ அழகாக வரைந்து, நோட்டாகத் தைத்து, அட்டையும் போட்டு வருகிறீர்கள். பிறகு யாருக்காவது அதில் கைவைக்க மனம் வருமா? குச்சி மனிதர்களை வரையுங்கள். அவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

பட்ஜெட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் 10 சதவீதம் ஒதுக்குவது பரவலான பழக்கம். முதலில் வெட்டப்படுவதும் அதுதான், வெட்ட விடாதீர்கள்.

இடம் பார்க்கப் போகும்போது, படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். காலை வெயிலைப் பார்த்துவிட்டு மாலைக் காட்சியைத் திட்டமிட முடியாது. அங்கே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் கண்ணுக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும்.

கடைசித் தாள் கால்ஷீட். நடிகர் ஒதுக்கித் தரும் தேதிகளையே நாம் அந்தப் பெயரால் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மறுநாளைக்கான ஓலை: யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும், எந்தக் காட்சிகள், சூரியன் எப்போது மறையும், மிக அருகில் உள்ள மருத்துவமனை எது. முந்தின இரவே எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். காலையில் எழுந்து நூறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இயக்குநரால் நடிகரின் முகத்தைப் பார்க்க முடியாது.

உங்கள் இருக்கைகளில் அரைப் பக்கக் காட்சி ஒன்று வைத்திருக்கிறேன். மூன்றாம் வரியில் ஒரு கண்ணாடிக் குவளை உடைகிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.