சமூகப்பணி மாணவர் இன்னொரு நாட்டுக்குப் படிக்கப் போகும்போது

வணக்கம். கணிதம் படிக்கும் மாணவர் எந்த நாட்டுக்குப் போனாலும் சமன்பாடு மாறாது. சமூகப்பணியில் அப்படியில்லை. குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் மாறும். குடும்பம் என்று யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது மாறும். சமூகப்பணியாளர் ஒரு வீட்டுக்குள் எந்த அதிகாரத்தோடு நுழையலாம் என்பதுகூட மாறும். அந்த வித்தியாசங்களை நேரில் பார்ப்பதற்காகத்தான் மாணவர் பரிமாற்றம்.

நாடு கடந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இந்த எண்ணம் பழையது. 1928இல் பாரிஸில் முதல் சர்வதேச சமூகப்பணி மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாகச் சமூகப்பணிக் கல்லூரிகளுக்கென ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. ஜெர்மனியின் ஆலிஸ் சாலமன் அதன் முதல் தலைவர். நாஜி அரசு 1937இல் அவரைச் சொந்த நாட்டிலிருந்தே வெளியேற்றியது.

ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தது. போகிற பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, அங்கே எடுத்த கிரெடிட் சொந்தக் கல்லூரியில் கணக்கில் சேரும். சரி, காகித வேலை இவ்வளவுதான்.

கடினமானது களப்பணி, அதாவது உதவி தேடும் மக்களோடு நேரில் செய்யும் பயிற்சி. வகுப்பில் மொழி புரியாவிட்டால் நஷ்டம் மாணவருக்கு. களத்தில் புரியாவிட்டால், உதவி கேட்டு வந்தவருக்கு. வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் அதைப் பாதிச் சொல்லில்தான் சொல்வார். மீதியை அவர் தயங்கும் விதத்திலிருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த மாணவருக்கு அது எளிதில் பிடிபடாது. அதனால் தொடக்கத்தில் அனுபவமுள்ள பணியாளருடன் சேர்ந்தே போக வேண்டும். வாரந்தோறும் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம், எப்போது கிளம்புவோம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பலரால் கைவிடப்பட்ட குழந்தையிடம் சொல்லாமல் கிளம்புவது, அந்தக் காயத்தை மறுபடியும் கிளறுவதாகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வசதியான நாட்டு மாணவர்கள் ஏழை நாடுகளுக்குப் போகிறார்கள். எதிர்த்திசையில் விசாவும் செலவும் வழியை மறிக்கின்றன. இது நியாயமில்லை. 2014இல் மெல்போர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலக வரையறை, பூர்வகுடி அறிவையும் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்றாக ஏற்கிறது. அப்படியானால் அந்த அறிவோடு வளர்ந்த மாணவர்களும் பணக்கார நாடுகளின் களத்தில் நின்று, அங்கே முதியவர்கள் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் துறையில் மூன்று விஷயம் கேளுங்கள். அங்கே களப்பணி மேற்பார்வையாளர் யார்? நான் எந்த மொழியில் மக்களோடு பேசப்போகிறேன்? அந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை எத்தனை பேர் இங்கே வந்திருக்கிறார்கள்? மூன்றாவதற்குப் பதில் 'யாருமில்லை' என்றால், அவர்களுக்கும் ஓர் இடமும் உதவித்தொகையும் ஒதுக்கச் சொல்லித் துறைக்கு எழுதிக் கொடுங்கள்.