அமெரிக்கா குடுத்த வாக்கும் அமெரிக்காவோட தொழிற்சாலையும்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவக் கொள்கைன்னு பேச்சு எடுத்தாலே நாம உடனே அமெரிக்கா பெருசா சீனா பெருசான்னு கணக்கு போட ஆரம்பிச்சுடுவோம், யார்கிட்ட எத்தனை ஏவுகணை, யார்கிட்ட எத்தனை விமானந்தாங்கிக் கப்பல்னு. நான் இன்னிக்கு அந்தப் பக்கம் போகல. உலகம் பூரா அமெரிக்கா யாருக்கெல்லாம் "உன் மேல கை வச்சா நான் வருவேன்"னு வாக்கு குடுத்து வச்சிருக்கு, அந்த வாக்கக் காப்பாத்துற அளவுக்கு அவங்க தொழிற்சாலையில சரக்கு வருதா, இதத்தான் பேசப் போறேன். வரலங்கிறது என் கருத்து. அதுக்கு சீனா காரணம் இல்ல, ரஷ்யாவும் காரணம் இல்ல, வாஷிங்டன்ல முப்பது வருஷமா எடுத்த முடிவுங்கதான் காரணம்.

1993ல இருந்து ஆரம்பிக்கலாம். சோவியத் யூனியன் உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆகலங்க, கிளிண்டன் புதுசா வந்திருக்காரு, லெஸ் ஆஸ்பின் பாதுகாப்பு அமைச்சர். அந்த வருஷம் அவரு மொத்தப் படையையும் அடியில இருந்து மறு ஆய்வு பண்ணி ஒரு அறிக்கை வெளியிட்டாரு, அதுல உள்ள முக்கியமான விஷயம், ரெண்டு வேற வேற இடத்துல கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ரெண்டு பெரிய போர் வந்தாலும் அமெரிக்கா ஜெயிக்கணும்ங்கிறது. ஈராக் ஒரு பக்கம் வட கொரியா ஒரு பக்கம்னு மனசுல வச்சு எழுதுனது. சரி, அதே 1993ல பென்டகன்ல, அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகத்துல, ஒரு ராத்திரி விருந்து நடந்துச்சு, ஆயுதக் கம்பெனி முதலாளிங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு துணை அமைச்சர் வில்லியம் பெர்ரி சொன்னாரு, இனிமே உங்க எல்லாருக்கும் ஆர்டர் குடுக்க எங்ககிட்ட காசு இல்ல, ஒருத்தர ஒருத்தர் வாங்கிக்குங்க, இல்ல கடைய மூடுங்கன்னு. அந்த விருந்துக்கு ஏசுநாதரோட "கடைசி இராப்போஜனம்"னே பேர் வந்துடுச்சு. 90களோட ஆரம்பத்துல பெரிய ஒப்பந்தக் கம்பெனிங்க 51 இருந்துச்சு, இப்போ அஞ்சு.

ரெண்டும் ஒரே அமைச்சர் காலம், ஒரே வருஷம். ஒரு கையால ரெண்டு போருக்கு வாக்கு, இன்னொரு கையால பட்டறைக்குப் பூட்டு. அன்னிக்கு சோவியத் மாதிரி பெரிய எதிரின்னு யாரும் இல்லாததால இது யார் கண்ணுக்கும் படல, எனக்குத் தெரிஞ்சு அமெரிக்காவோட இன்னிய சிக்கலுக்கு இதவிட சரியான தொடக்கப் புள்ளி வேற கிடையாது.

அப்புறம் என்னாச்சு, ஆப்கானிஸ்தான், ஈராக்னு இருபது வருஷம் போச்சு, அந்தச் சண்டையில மாசா மாசம் லட்சக்கணக்குல பீரங்கிக் குண்டும் வேண்டாம், நீர்மூழ்கிக் கப்பலும் வேண்டாம், அதனால யாரும் இதப் பத்திக் கவலப்படல. 2018 ஜனவரியில ஜிம் மேட்டிஸ் பாதுகாப்பு அமைச்சரா இருந்தப்போதான் பயங்கரவாதம் இனிமே நமக்கு முதல் கவலை இல்ல, சீனா ரஷ்யா மாதிரி பெரிய நாடுங்களோட போட்டிதான் முதல் கவலைன்னு எழுத்துல போட்டாங்க. 2022ல பைடன் அரசும் கிட்டத்தட்ட அதே வழியில போச்சு. ரெண்டு போர் கணக்கையும் சத்தமில்லாம இறக்கி ஒரு பெரிய போர்னு ஆக்கிட்டாங்க. ஆனா வாக்கு எதுவும் குறையல பாருங்க, நேட்டோ ராணுவக் கூட்டணியில 32 நாடு, ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா எல்லாத்தோடயும் ஒப்பந்தம் அப்படியே இருக்கு, தைவானுக்கு ஒப்பந்தம் இல்லேன்னாலும் 1979ல போட்ட சட்டப்படி ஆயுதம் குடுக்கணும். ஒரே முகூர்த்தத்துல நாலு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டு ஒரு அடுப்ப மட்டும் வச்சிருக்கிற சமையல் கான்ட்ராக்டர் நெலமதான் இது.

அந்த அடுப்பு எப்படி இருக்குன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். பென்சில்வேனியாவுல ஸ்க்ரான்டன்னு ஒரு ஊரு, அங்கதான் 155 மி.மீ பீரங்கிக் குண்டோட ஸ்டீல் ஓடு செய்யறாங்க. நீளமான ஸ்டீல் கம்பியத் துண்டு போட்டு, சூளையில செக்கச்செவேல்னு பழுக்க வச்சு, பிரஸ்ல குத்தி நீட்டி, கடைசல் போட்டு, பெயின்ட் அடிச்சு அனுப்புவாங்க, உள்ள வெடிமருந்து நிரப்புறது அங்க இல்ல, அதுக்கு அயோவா மாநிலத்துல இருக்கிற இன்னொரு தொழிற்சாலைக்குப் போகணும். ஸ்க்ரான்டன் கட்டடம் முதல்ல நீராவி ரயில் இன்ஜின் ரிப்பேர் பண்றதுக்காக நூறு வருஷத்துக்கும் முன்னாடி கட்டுனது. உக்ரைன் போர் ஆரம்பிச்சப்போ அமெரிக்கா முழுக்க மாசத்துக்கு சுமார் 14,000 குண்டுதான் செய்ய முடிஞ்சுது, அங்க போர்முனையில அது சில நாள் கூடத் தாங்காது. மாசம் ஒரு லட்சம்னு இலக்கு வச்சாங்க, பணமும் கொட்டுனாங்க, ஆனாலும் வருஷக்கணக்குல இழுக்குது, ஏன்னா பணத்த ஒரே நாள்ல ஒதுக்கிடலாம், பிரஸ்ஸும் சூளையும் அத ஓட்டத் தெரிஞ்ச ஆளும் ஒரே நாள்ல வர மாட்டாங்க. இன்னொண்ணு கேளுங்க, டிஎன்டி வெடிமருந்த அமெரிக்கா 1980கள்லயே சொந்தமா செய்யறத நிறுத்திடுச்சு, போலந்து மாதிரி வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு இருந்தாங்க, 2024லதான் கென்டக்கியில புதுசா தொழிற்சாலை கட்ட ஒப்பந்தம் போட்டாங்க.

ராணுவச் செலவு கம்மியா பண்றதால இப்படின்னு நினைச்சுடாதீங்க. 2024ல அமெரிக்கா செலவு பண்ணது கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர், உலகம் மொத்தமா ராணுவத்துக்குச் செலவு பண்றதுல மூணுல ஒரு பங்குக்கும் மேல. காசு இருக்கு, செய்யற கைதான் இல்ல.

கப்பல் விஷயத்துல இது இன்னும் மோசம். ரெண்டாம் உலகப் போர்ல லிபர்ட்டி கப்பல்னு 2,710 சரக்குக் கப்பல் கட்டித் தள்ளுன நாடு அது, 1942ல கலிஃபோர்னியாவுல ஒரு கப்பல அஞ்சு நாளுக்குள்ள கட்டி தண்ணியில இறக்குனாங்க. இன்னிக்கு உலகத்துல கட்டுற வணிகக் கப்பல்ல பாதிக்கு மேல சீனாவுல, அமெரிக்கா பங்கு ஒரு சதவீதம் கூட இல்ல. வணிகக் கப்பலுக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, வெல்டர் ஒருத்தர்தாங்க, கிரேன் ஒண்ணுதான், தண்ணிய வெளியேத்திட்டு கப்பல் வேலை பாக்குற உலர் துறையும் (டிரை டாக்) அதேதான், வணிகக் கப்பல் கட்டிட்டே இருக்கிற ஊர்லதான் அந்தக் கைவேலை உயிரோட இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு வர்ஜீனியா ரக நீர்மூழ்கிக் கப்பல் வேணும்னு சொல்ற அமெரிக்கக் கடற்படைக்கு ஒண்ணேகால் கணக்குலதான் கிடைக்குது. இந்த லட்சணத்துல ஆஸ்திரேலியா, பிரிட்டனோட 2021ல போட்ட ஆக்கஸ் ஒப்பந்தப்படி ஆஸ்திரேலியாவுக்கு 2030கள்ல மூணு குடுக்கறதா 2023ல வாக்கு குடுத்தாங்க, 2021லயே ஆஸ்திரேலியா இந்த ஒப்பந்தத்த நம்பி ஃபிரான்ஸ் கூடப் போட்டிருந்த பெரிய ஒப்பந்தத்தையே தூக்கிப் போட்டுச்சு, ஃபிரான்ஸ் கோவத்துல தூதரயே திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு.

தனிமங்கள் விஷயமும் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு எஃப்-35 போர் விமானத்துக்கு 400 கிலோவுக்கும் மேல அரிய மண் தனிமங்கள் (ரேர் எர்த்னு சொல்ற உலோகங்கள்) வேணும், அத சுத்திகரிக்கிற வேலையில பெரும்பகுதி சீனா கையில. 2025 ஏப்ரல்ல சீனா அதுல ஏழு வகைக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டப்போ வாஷிங்டன் ஆடிப் போச்சு, ஜூலையில கலிஃபோர்னியா சுரங்கக் கம்பெனியில பென்டகனே பங்கு வாங்குச்சு. யாரத் தடுக்க ஆயுதம் செய்யறோமோ அவங்ககிட்டயே அதுக்கு மூலப்பொருள் வாங்குற நெலம.

சரி, இதுக்கு வழி இல்லையான்னா, இருக்கு, நேச நாடுங்க இருக்காங்க. தென் கொரியாவும் ஜப்பானும் கப்பல் கட்டுறதுல சீனாவுக்கு அடுத்த இடத்துல இருக்காங்க. 2024 கடைசியில கொரியாவோட ஹன்வா கம்பெனி ஃபிலடெல்ஃபியா கப்பல் தளத்தயே வாங்கிடுச்சு, அமெரிக்கக் கப்பல் தொழிலுக்கு 15,000 கோடி டாலர் போடறோம்னு கொரிய அரசு 2025ல சொல்லுச்சு. நம்ம சென்னை பக்கத்துல காட்டுப்பள்ளியில இருக்கிற எல் அண்ட் டி தளத்துக்குக் கூட 2022 ஆகஸ்ட்ல சார்ல்ஸ் ட்ரூங்கிற அமெரிக்கக் கடற்படை சரக்குக் கப்பல் ரிப்பேருக்கு வந்துச்சு, இந்தியாவுல அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ரிப்பேர் ஆனது அதான் முதல் தடவ. இது ஏதோ நட்புக்காக மட்டும் நடந்ததுன்னு நான் நினைக்கல, அங்க இடம் இல்ல, ஆள் இல்ல, அதான் இங்க வர்றாங்க.

ஆனா அந்த நேச நாடுங்கள அமெரிக்காக்காரங்க நடத்துற விதம் எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு. கொரியா அவ்ளோ பெரிய தொகை அறிவிச்ச ஒண்ணு ரெண்டு மாசத்துல, 2025 செப்டம்பர்ல, ஜார்ஜியாவுல ஹூண்டாய் - எல்ஜி பேட்டரி தொழிற்சாலை கட்டிட்டிருந்த இடத்துல குடியேற்ற அதிகாரிங்க புகுந்து 475 பேரப் பிடிச்சாங்க, அதுல 300க்கும் மேல கொரியாக்காரங்க, சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போன வீடியோவ கொரியா பூரா பாத்தாங்க. எந்தத் திறமை இவங்களுக்கு இல்லையோ அதச் சொல்லித் தர வந்த ஆளுங்க அவங்க. இதோட வரியும் போடறாங்க, பாதுகாப்புக்குக் காசு குடுன்னும் கேக்குறாங்க.

"அப்போ அமெரிக்கா கதை முடிஞ்சுதா?"ன்னு முன்னாடி உக்காந்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டாரு. இல்ல தம்பி, சீனாவுக்கு அமெரிக்காவுக்கு இருக்கிற மாதிரி கூட்டாளிங்க கிடையாது, அந்த ஒரு விஷயத்துல அமெரிக்கா ரொம்ப தூரம் முன்னாடி நிக்குது, அதனாலதான் அத வீணாக்குறாங்களேன்னு எனக்கு ஆதங்கம். நீங்க ஒண்ணு கவனிச்சுட்டு வாங்க. கடற்படைக் கப்பல வெளிநாட்டுத் தளத்துல கட்டக் கூடாதுன்னு அமெரிக்காவுல ஒரு சட்டம் இருக்கு, ஜனாதிபதி விலக்கு குடுத்தா மட்டும்தான் முடியும். அந்தச் சட்டத்தத் தளர்த்தி கொரியாவுலயும் ஜப்பான்லயும் கப்பல் கட்ட விட்டா, வாக்கையும் கையிருப்பையும் ஒண்ணு சேக்க உண்மையிலயே எறங்கிட்டாங்கன்னு நான் எடுத்துக்குவேன். விடலேன்னா, ஏதாவது ஒரு கூட்டாளி நாட்டுக்கு நாங்க குடுத்த வாக்க இனிமே காப்பாத்த முடியாதுன்னு சொல்ல வேண்டி வரும், அது எந்த நாடுன்னு டோக்கியோ, சியோல், மணிலா, தைபே எல்லா இடத்துலயும் இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.