ஏப்பத்தின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது, ஆகவே மாட்டுக்கறி தின்பதால்தான் பூமி சூடாகிறது என்கிற பேச்சு இப்போது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. உலகத்தில் மனிதரால் வெளியாகும் சூடேற்றும் வாயுக்களில் ஏறக்குறைய 12 சதவீதம் கால்நடை வளர்ப்பால் என்று 2023இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குச் சொன்னது. பிரேசிலில் காட்டை அழித்துக் கறிக்கென்றே மாடு மேய்க்கிறார்கள்; அங்கே அந்தப் பேச்சு பொருந்தும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் கறவை மாட்டைக் கறிக்காக யாரும் வளர்ப்பதில்லை. பால் வற்றிய மாடும் வேண்டாத காளைக்கன்றும்தான் கடைசியில் சந்தைக்குப் போகின்றன.

எத்தனை மாடு கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது பால் விலை. கறியை நிறுத்தினால் மாடு குறையாது. விற்காத கிழமாடு இன்னும் சில வருடம் சோளத்தட்டைத் தின்று ஏப்பம் விடும். கறியைத் தொடாமல் தினம் மூன்று வேளை காபி குடிப்பவருக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. கறி வேண்டாம் என்பதற்கு ஒருவருக்கு வேறு காரணம் இருக்கலாம். அதை மீத்தேன் தலையில் கட்ட வேண்டாம்.

மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அது பின்பக்கமாக வருகிறது என்று கேலி பேசுகிறார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய்வழியாகத்தான் வெளியேறுகிறது. ஒரு கறவை மாடு வருடத்துக்குச் சுமார் 60 கிலோ விடும். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடேற்றும் என்று வைத்தால், ஒரு மாட்டின் வருட ஏப்பம் 730 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். ஆனால் மீத்தேன் பன்னிரண்டு வருடம் போலத்தான் காற்றில் தங்கும். பெட்ரோல் புகையிலுள்ள கரியமில வாயு பல நூற்றாண்டு தங்கும். அதனால் இந்தச் சமக்கணக்கை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது.

நம் கையில் இருப்பது ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்பதுதான். ஒரே எடையுள்ள இரண்டு மாடுகளில் ஒன்று 4 லிட்டர், ஒன்று 10 லிட்டர் கறந்தாலும், உடம்பைக் காக்கத் தின்னும் தீவனத்தின் வாயு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வெறும் வைக்கோல் போட்டால் பால் இறங்கும், லிட்டர் கணக்கு ஏறும்.

அந்த வைக்கோலையே மேம்படுத்த, யூரியா கரைசல் தெளித்துப் பதப்படுத்தி யூரியா வைக்கோல் செய்யலாம். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். யூரியா முழுதும் கரைந்த பிறகே தெளிக்க வேண்டும். கட்டியாக மாட்டின் வாயில் போனால் உயிருக்கு ஆபத்து. அடுக்கடுக்காகப் பரப்பி, தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் மூடி 21 நாள் விடுங்கள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் அம்மோனியா போய்விடும், பூஞ்சைதான் மிஞ்சும். பூஞ்சை பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். மற்றதை எடுத்து நெடி போக ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது.

பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் துவர்ப்புச் சத்துள்ள செடிப்பொருள்களைக் கொண்டு ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள். நம்மூர்ப் புளியங்கொட்டைத் தோலிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. அதற்காக அள்ளிப் போட்டுவிடாதீர்கள்: துவர்ப்பு மிஞ்சினால் தீவனத்தின் புரதம் செரிக்காது, மாடும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பலர் கணக்கில் எடுக்காத இன்னொன்று, சினை பிடிக்காத நாள்கள். தவறவிட்ட ஒவ்வொரு சினைப்பருவத்துக்கும் 21 நாள் கூடுதலாகத் தீனி போட வேண்டும். மாடு விடாமல் கத்துகிறதா, கண்ணாடிபோல் கோழை ஒழுகுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போட்டுவிடுங்கள்.