கொல்கத்தா டெர்பி: டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: மேலிருந்து சால்ட் லேக் ஸ்டேடியம். கேலரியில் ஒரு பக்கம் மோகன் பகானின் பச்சை-மெரூன், எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள்.]

டெர்பின்னா ஒரே ஊரோட ரெண்டு போட்டி கிளப் மோதற மேட்ச். கொல்கத்தாவுல அது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கப் அரையிறுதி. அன்னைக்கு இந்த ஸ்டேடியத்துக்குள்ள இருந்தவங்க 1,31,781 பேர். இந்தியாவுல ஒரு ஃபுட்பால் மேட்ச்சுக்கு இவ்வளவு கூட்டம் வேற எப்பவும் வந்ததில்ல. பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிச்சார். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1.

2017-ல பதினேழு வயசுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்காக ஸ்டேடியத்தைப் புதுப்பிச்சாங்க. கேலரி முழுக்கத் தனித்தனி சீட் போட்டாங்க. இப்போ உள்ள கொள்றது சுமார் 68,000 பேர், கிட்டத்தட்ட பாதி. ஆனா போகணும்னு துடிக்கிற கூட்டம் பாதியாகல. டிக்கெட்ல நடக்கிற எல்லாக் கோல்மாலும் இந்தக் கணக்குலதான் தொடங்குது.

புதுசா பார்க்கிறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். மோகன் பகான் 1889-ல தொடங்கின கிளப். 1911-ல வெறுங்காலோட ஆடி, பிரிட்டிஷ் ராணுவ அணியைத் தோற்கடிச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை ஜெயிச்சவங்க. ஈஸ்ட் பெங்கால் 1920-ல வந்தது. பேர்லயே ஊர் இருக்கு: கிழக்கு வங்கத்துல வேர் உள்ளவங்களோட கிளப். பிரிவினைக்கு அப்புறம் அங்கிருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பங்களுக்கு அது ஒரு முகவரி மாதிரி ஆயிடுச்சு. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா மார்க்கெட்ல ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயிச்சா இறால் விலை ஏறும்னு ஊர்ல சொல்வாங்க.

நமக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கப் போட்டியில ஒரு டெர்பி. ஈஸ்ட் பெங்கால் டெர்பி ஜெயிச்சு நாலரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரே கோலை அடிச்சது சென்னைக்காரர் நந்தகுமார் சேகர். வலது பக்கம் பந்தை வாங்கி, உள்ள வெட்டி, இடது காலால சுத்தி விட்டார். அந்த வீடியோவை ஒரு தடவை தேடிப் பாருங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் "ஒரு தடவையாவது நேர்ல போகணும்"னு கிளம்பறாங்க.

போங்க. ஆனா மேட்ச் டிக்கெட்டுக்கும் முன்னாடி ரயில் டிக்கெட் எடுக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க.

[திரையில்: மூன்று தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக.]

2024 ஆகஸ்ட் 18 டூரண்ட் கப் டெர்பி, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில ஒரு பெண் டாக்டரைப் பாலியல் வன்கொடுமை பண்ணிக் கொன்னதுக்கு எதிரா நகரமே கொந்தளிச்சிட்டு இருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி முந்தின நாள் ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டு கிளப் ரசிகர்களும் அன்னைக்கு ஸ்டேடியத்துக்கு வெளிய ஒண்ணா நின்னு போராடினது தனிக் கதை. 2025 ஜனவரி 11 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) டெர்பி, கங்காசாகர் மேளாங்கற புனித நீராடல் விழாவுக்குப் போலீஸ் போயிடுவாங்கன்னு குவாஹாட்டிக்கு மாறிடுச்சு. 2025 ஜூலைல கல்கத்தா லீக் டெர்பி நடந்ததோ கொல்கத்தாவுக்கு வெளிய இருக்கிற கல்யாணி ஸ்டேடியத்துல. அதனால தேதி மட்டும் பார்த்துட்டு ஃப்ளைட் போடாதீங்க. கேன்சல் பண்ணினா காசு திரும்ப வர்ற டிக்கெட்டா எடுங்க. ரயிலே நல்லது.

இப்போ மேட்ச் டிக்கெட்.

விக்கிறது யாருங்கறது போட்டிக்குப் போட்டி மாறும். ஐ.எஸ்.எல். மேட்ச்னா, அன்னைக்கு எந்த கிளப்போட ஹோம் மேட்ச்சோ அவங்க விக்கிறாங்க. டூரண்ட் கப்னா போட்டியை நடத்துறவங்க. அதனால "போன தடவை இந்த ஆப்ல எடுத்தேனே"ங்கறது இந்தத் தடவை உதவாமப் போகலாம். கிளப்போட சரிபார்க்கப்பட்ட பக்கத்துக்குப் போய், அங்க இருக்கிற லிங்க்கை அழுத்தி உள்ள போங்க. கூகுள்ல தேடினா மேல வர்ற விளம்பரத்தை அழுத்தாதீங்க. பார்க்க அசல் மாதிரியே இருக்கும், முகவரியில ஒரு எழுத்துதான் மாறியிருக்கும்.

ஆன்லைன்ல காசு கட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. கொல்கத்தாவுல பல தடவை அந்த புக்கிங்கைக் கவுன்ட்டர்ல காட்டி, காகித டிக்கெட்டா மாத்திக்கணும். எந்தக் கவுன்ட்டர், எந்த நாள், எத்தனை மணி வரைக்கும்னு புக்கிங் மெயில்ல இருக்கும். அந்த மெயிலை யாரும் கடைசி வரைக்கும் படிக்கிறதில்ல. மேட்ச் அன்னைக்குப் போய் மாத்திக்கலாம்னு வர்ற வெளியூர்க்காரங்கதான் வரிசையில மாட்டிக்கிறாங்க. ஒரு நாள் முன்னாடியே போய்டுங்க. புக் பண்ணின பேருக்கு உள்ள அடையாள அட்டையும் கையில இருக்கட்டும். மைதான்ங்கற நகர நடுப் புல்வெளிப் பகுதியில இருக்கிற கிளப் டென்ட்ல (கிளப் அலுவலகத்தை அப்படித்தான் சொல்வாங்க) நேரடி விற்பனை வெச்சாங்கன்னா, எஸ்பிளனேட் மெட்ரோவுல இறங்கி நடந்தே போயிடலாம்.

அடுத்து, எந்த பிளாக். இந்த வீடியோவுல ஒரே ஒரு விஷயம்தான் மனசுல நிக்கும்னா, இது நிக்கட்டும்.

[திரையில்: ஸ்டேடியத்தின் வரைபடம், பிளாக்குகள் வண்ணம் பிரித்து.]

டெர்பி அன்னைக்கு ரெண்டு கிளப்புக்கும் தனித்தனி கேலரி, தனித்தனி கேட். டிக்கெட்ல கேட், ராம்ப், பிளாக்னு போட்டிருக்கும். எந்தப் பக்கம் யாருக்குங்கறது மேட்ச்சுக்கு மேட்ச் மாறும், அதனால அந்த மேட்ச்சுக்கு வந்த அறிவிப்பைப் பாருங்க. இது சும்மா ஒழுங்குக்காக வெச்ச ஏற்பாடு இல்ல. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ்ல டெர்பி. ரெண்டு பக்க ரசிகர்களும் ஒரே ஸ்டாண்ட்ல கலந்து உட்கார்ந்திருந்தாங்க. களத்துல ஒரு முரட்டு ஃபவுல், ரெட் கார்டு. அந்தச் சூடு ஸ்டாண்டுக்கு ஏறி, அடிதடியாகி, தப்பிச்சு ஓடின நெரிசல்ல 16 ரசிகர்கள் செத்துப் போனாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் ஆகஸ்ட் 16-ல அவங்க நினைவா கொல்கத்தாவுல ரத்த தானம் நடக்குது.

அதனால நந்தகுமார் பேர் போட்ட சிவப்பு-மஞ்சள் ஜெர்சியோட, "கிடைச்சதே பெரிசு"ன்னு மோகன் பகான் கேலரி டிக்கெட்டை வாங்கிட்டுப் போய் உட்காராதீங்க. அதுக்கு டிக்கெட் கிடைக்காம ஹோட்டல் ரூம்ல டிவி பார்க்கிறதே மேல். எந்தப் பக்கமும் இல்லாம சும்மா பார்க்க வந்தவரா? வெள்ளையோ சாம்பலோ போட்டுட்டுப் போங்க. பச்சை, மெரூன், சிவப்பு, மஞ்சள் நாலையும் பெட்டியிலேயே விட்டுடுங்க. கோல் விழுந்தா சுத்தி இருக்கிறவங்க எழுந்தா நீங்களும் எழுந்துடுங்க, தப்பில்ல!

சரி, மோசடிக்கு வருவோம். மெசேஜ் பெரும்பாலும் இப்படித்தான் வரும். (தாதான்னா வங்காளியில அண்ணன்.)

[திரையில்: மாதிரி உரையாடல், வரி வரியாக.]

"தாதா, டெர்பி டிக்கெட் ரெண்டு கையில இருக்கு. ஃப்ரெண்டுக்குக் காய்ச்சல், வர முடியல. வாங்கின விலைக்கே தரேன்."

"போட்டோ அனுப்புங்க."

போட்டோ வரும். அசல் டிக்கெட்டேதான். பிளாக், கேட், பார்கோடு எல்லாம் சரியா இருக்கும்.

"இன்னும் மூணு பேர் கேட்டுட்டே இருக்காங்க தாதா. பாதிப் பணம் போட்டா உங்களுக்கே வெச்சிடறேன்."

இதுல எங்க பொய்னு கேட்டா, டிக்கெட்ல பொய்யே இல்ல. பார்கோடு ஸ்கேன் பண்ற கேட்ல என்ன நடக்குது? மெஷின் அந்த கோடைப் பார்க்கும், "இது இன்னும் உள்ள வரல"ன்னா விடும், உடனே "வந்தாச்சு"ன்னு குறிச்சுக்கும். அதே கோடோட ரெண்டாவதா வர்றவருக்கு சிவப்பு விளக்குதான். யார் காசு கொடுத்தாங்க, யார் நல்லவங்கன்னு மெஷினுக்குத் தெரியாது. ஒரே போட்டோவைப் பத்து பேருக்கு வித்தா, முதல்ல கேட்டுக்குப் போனவர் உள்ள, மீதி ஒன்பது பேர் வெளிய. அதனாலதான் சொல்றேன், போட்டோவா வர்ற டிக்கெட் டிக்கெட்டே இல்ல. நீங்களும் சந்தோஷத்துல உங்க டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. அந்த கோடை வெட்டி எடுத்து வித்துடுவாங்க.

"ஃப்ரீ பாஸ் இருக்கு, கம்மி விலைக்குத் தரேன்"னா, விக்கக் கூடாத பாஸை விக்கிறாங்கன்னு அர்த்தம். அதுல பிரச்சினை வந்தா யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியாது.

யூ.பி.ஐ. பக்கம் ரெண்டு விஷயம். பணம் வாங்கறதுக்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்ல, க்யூ.ஆர். ஸ்கேன் பண்ண வேண்டியதும் இல்ல. மேட்ச் ரத்தானா இந்த வலையை இன்னும் பெரிசா விரிப்பாங்க. "ரீஃபண்ட் அனுப்பறோம், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு போன் வரும். ஆப்ல எடுத்த டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் பத்தி அந்த ஆப்புக்குள்ளயே பாருங்க. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுள்ல தேடாதீங்க. காசு போயிடுச்சுன்னா அடுத்த நிமிஷமே 1930-க்கு அடிங்க. அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க வழி இருக்கு. வெட்கப்பட்டுக்கிட்டு மறுநாள் வரைக்கும் யோசிக்காதீங்க.

கேட்டுக்கு வெளிய கள்ள விலைக்கு விக்கிறவங்ககிட்ட வாங்கலாமான்னு கமென்ட்ல கேப்பீங்க. வேண்டாம். கேலரி டிக்கெட்டோட அசல் விலையே பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதுக்குப் பல மடங்கு கொடுத்து, கூட்டத்துல பர்ஸை வெளிய எடுத்து, எந்தப் பக்க பிளாக்னு கூடப் பார்க்காம வாங்கறது எதுக்கு?

மேட்ச் அன்னைக்கு வழி சுலபம். 2025 ஆகஸ்ட்ல இருந்து ஹவுரா ஸ்டேஷன்லயே மெட்ரோ ஏறி, ஹூக்ளி ஆத்துக்கு அடியில போய், நேரா சால்ட் லேக் ஸ்டேடியம் ஸ்டேஷன்ல இறங்கிடலாம். பச்சை லைன். திரும்பி வர்றதுக்கும் டோக்கன் வரிசையில நிக்காம இருக்க ஸ்மார்ட் கார்டு போட்டுக்கோங்க. கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு போகும்போதே பார்த்து வைங்க, நாக் அவுட் மேட்ச்னா பெனால்ட்டி வரைக்கும் இழுக்கும். தண்ணி பாட்டில், பட்டாசு, ஹெல்மெட், பெரிய பை எதையும் கொண்டு போகாதீங்க, கேட்ல வாங்கி ஓரமா போட்டுடுவாங்க. கிக் ஆஃபுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி உள்ள போயிடுங்க. மோகன் பகான் ரசிகர் குழுவான மரைனர்ஸ் பேஸ் கேம்ப்பும், எதிர்ப்பக்க ரசிகர் குழுவான ஈஸ்ட் பெங்கால் அல்ட்ராஸும் கேலரியை மூடற அளவுக்கு விரிக்கிற டிஃபோங்கற ராட்சத பேனரை லேட்டா வர்றவங்க தவற விட்டுடுவாங்க.

முடிஞ்சதும் ஓடாதீங்க. உங்க கேட் வழியாவே வெளிய வாங்க, எதிர்ப்பக்கம் சுத்தி குறுக்கு வழி தேட வேண்டாம். ஜெர்சிக்கு மேல போட ஒரு சாதாச் சட்டை பையில இருந்தா ரோட்டுல நிம்மதி.

கடைசி வரைக்கும் டிக்கெட் கிடைக்கலையா? கல்கத்தா லீக் சீசனா இருந்தா மதியம் மைதான் பக்கம் போய், அந்த கிளப்புகளோட சொந்த கிரவுண்ட்ல ஏதாவது மேட்ச் இருக்கான்னு பாருங்க. கூட்டம் குறைவு, வேலிக்கு அந்தப் பக்கம் கோச் கத்தறதுகூடக் காதுல விழும்.