யானைக்கு ஒரு கணக்கு, பற்றைத் தவளைக்கு வேறொரு கணக்கு

சபையோருக்கு வணக்கம்.

யானை அழிந்துவருகிறது என்று வன்னியில் சொன்னால் சிரிப்பார்கள். "அப்ப போன காலபோகத்தில எங்கட வயலுக்குள்ள நிண்டது என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. ஆனால் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை உலகளவில் தரப்படுத்தும் சிவப்புப் பட்டியல் இன்றைய தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. மூன்று தலைமுறைக்குள், அதாவது 60 முதல் 75 வருடத்துக்குள், பாதி குறைந்திருந்தால் அது அருகிவரும் இனம். ஆசிய யானை 1986 முதல் அந்த நிலையில் இருக்கிறது.

பெண் யானை ஏறத்தாழ 22 மாதம் சுமக்கும். அடுத்த கன்றுக்கு நான்கு, ஐந்து வருடம் செல்லும். ஆகவே ஒரு தாய் யானை செத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் எடுக்கும்.

தவளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மலைநாட்டுப் பற்றைத் தவளைகள் பல, கட்டைவிரல் அளவுக்குக்கூட வராதவை. ஒன்றிரண்டு செத்தால் அடுத்த மாரி ஈடு செய்துவிடும். அங்கே அளப்பது நிலத்தை. பரவல் எல்லை 100 சதுர கிலோமீற்றருக்குள் ஒடுங்கி, ஒரே இடத்தில் மிஞ்சி, அந்த இடமும் கெட்டுவந்தால் அது மிக ஆபத்தான நிலை. 1853இல் விவரிக்கப்பட்டு, பின்னர் அழிந்ததாகவே கருதப்பட்ட ஓர் இனம், சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் அகப்பட்ட செய்தி 2013இல்தான் வெளிவந்தது.

பற்றைத் தவளைகளுக்கு, தண்ணீரில் நீந்தித் திரியும் வாற்பேய்ப் பருவமே இல்லை. பெரும்பாலானவை சருகை விலக்கி ஈரமண்ணில் முட்டையிட்டு மூடும். குஞ்சு தவளையாகவே வெளிவரும். முட்டைக்கு ஓடு கிடையாது, வழுவழுப்பான படலம்தான். மேலே மரத்தைத் தறித்து வெயில் விழுந்தால் மண் காயும், முட்டையும் காயும். மரம் நின்றாலும் சருகைக் கூட்டி எரித்தால் கதை அதேதான்.

யானைக்கு வருவோம். நல்ல மின்வேலி ஆயிரக்கணக்கான வோல்ற்றில், செக்கனுக்கு ஒரு தடவை அளவில், கண நேரத் துடிப்பாக அடிக்கும். நோகும், கொல்லாது. வீட்டு 230 வோல்ற்றை நேரே கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அந்த மின்சாரம் தொடர்ந்து பாயும், தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். யானைக்கு வைத்தது விடியற்புறம் தண்ணி கட்டப் போன மனிசனையும் எடுக்கும்.

நல்ல வேலியும் பிழைக்கும். புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும். கோடையில் வேறொரு கோளாறு: அடித்த மின் யானையின் கால் வழி மண்ணுக்குள் போய்த் திரும்ப வேண்டும், காய்ந்த மண் அதை விடாது. எனவே புவிக்கம்பியை வாய்க்கால் ஓர ஈரத்தில் இறக்குங்கள், ஒன்று போதாது. தந்தத்தில் மின் ஏறாது என்பதையும் யானை சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

வேலியைக் காட்டைச் சுற்றிப் போடுவதைவிட வயலைச் சுற்றிப் போடுவது மேல். விதைக்கும்போது கட்டி, அருவி வெட்டு முடிந்ததும் கழற்றினால் ஒட்டுத்தாளை யானை தின்னும். காட்டுக்குள் அடைத்தால் பசியில் வேலியைத்தான் முறிக்கும்.

வரண்ட வலயத்திலும் பற்றைத் தவளை உண்டு. அதற்கென்று குளம் வெட்டத் தேவையில்லை. ஐப்பசி மழை தொடங்கியபின் வேலியோரச் சருகைக் கொளுத்தாமல் விட்டால் போதும்.